ஏழு நிமிடம் மூத்த முகம்

"உங்க வீட்ல மொத்தம் எத்தனை கதவு இருக்கு?" என்று கேட்டபடி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தில் வைத்து அழுத்துகிறார் ஐஸ்காரம்மா. சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் பெண் கண்ணை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்குகிறாள். வாசலுக்கு ஒன்று, அறைகளுக்கு இரண்டு, குளியலறைக்கு ஒன்று. "பீரோ கதவையும் சேக்கணுமா?" "சேத்துக்கோங்க, காசா பணமா!" பீரோவைத் தாண்டி அவள் பால்கனிக்குப் போய்ச் சேர்வதற்குள் டாக்டரம்மாவின் ஊசி உள்ளே போய்விட்டு வெளியே வந்துவிடுகிறது.

பிள்ளைகளைப் பற்றியோ வீட்டுக்காரரைப் பற்றியோ கேட்டால் என்ன என்று ஒருநாள் நான் கேட்டேன். "பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டா சில பேர் அழுதுடுவாங்கக்கா. வீட்டுக்காரரப் பத்திக் கேட்டா பாதிப் பேர் திட்ட ஆரம்பிச்சுடுவாங்க, கன்னம் ஆடும். கதவுக்காக இதுவரைக்கும் யாரும் அழுததில்ல" என்றார்.

செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தத் தோல் மருத்துவமனை. அங்கே பத்தொன்பது வருடங்களாக நர்ஸ் அவர். ஐஸ்காரம்மா என்பது வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண்கள் வைத்த பெயர். அவரை எனக்குத் தெரிந்தது மருத்துவமனையில் அல்ல. எங்கள் குடியிருப்பில் அவர் மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி. அவரைவிட நான் எட்டு வயது பெரியவள் என்பதால் என்னை அக்கா என்பார். நானோ முகத்துக்கு நேராகவே ஐஸ்காரம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அதில் வருத்தமில்லை. "ஊசிக்காரம்மான்னு வைக்காம விட்டாங்களே" என்பார்.

வயது ஏற ஏற முகத்துக்குள் இருக்கும் கொழுப்பு வற்றும், கன்னம் இறங்கும், கண்ணுக்குக் கீழே குழி விழும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை ஒரு கோடு பள்ளமாகும். அந்தப் பள்ளங்களில் தெளிந்த கூழ் போன்ற ஒரு மருந்தை ஊசியால் ஏற்றி மேடாக்குவதற்குப் பெயர் ஃபில்லர். ஒரு வருடம் போல இருந்துவிட்டுத் தானே கரைந்துபோகும் என்று சுவரில் ஒட்டியிருக்கும் தாள் சொல்கிறது. முழுக்கக் கரையாது, எங்கேயாவது கொஞ்சம் தங்கியிருக்கும் என்பது ஐஸ்காரம்மாவின் கட்சி. வெள்ளைப் பென்சிலால் முகத்தில் குறி போடுவது, புகைப்படம் எடுப்பது, பனிக்கட்டி வைப்பது, எல்லாம் முடிந்தபின் கைக்கண்ணாடியை நீட்டுவது ஆகியவை அவர் வேலை. கண்ணாடியை நீட்டியதும் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் நின்று பார்த்தால் யாருக்கும் கூச்சமாக இருக்குமாம்.

பேசும்போது அவர் நம் கண்ணைப் பார்ப்பதில்லை, கன்னத்தைப் பார்ப்பார். பால்காரரானாலும் சரி, லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரானாலும் சரி, முதலில் கன்னம்தான். எனக்கும் அவருக்கும் பழக்கமே அப்படித்தான் ஆரம்பித்தது. லிஃப்ட்டில் ஏறிய என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க இடது பக்கமா சாஞ்சு தூங்குவீங்க, சரியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இடது பக்கக் கோடு ஆழமா இருக்குக்கா, தலகாணி அமுக்கியிருக்கு" என்றார் சாவதானமாக. அன்றிலிருந்து மல்லாந்து படுக்கப் பார்க்கிறேன், தூக்கம் வந்தால்தானே.

நானும் அங்கே போனவள்தான், ஒளிப்பானேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த புகைப்படத்தில் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். பெற்ற அம்மாவின் சாயல் வந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ரத்த சம்பந்தமே இல்லாத மாமியாரின் முகம் எனக்கு எப்படி வந்தது என்று ஐஸ்காரம்மாவிடம் புலம்பினேன். "முப்பது வருஷம் அவங்கள மொறச்சுப் பாத்தீங்கல்ல, ஒட்டிக்கிச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் போய்ப் படுத்தேன். எங்கள் வீட்டில் பதினொரு கதவுகள்.

அங்கே அவர் எல்லோருக்கும் சொல்லும் ஒரு சட்டம் உண்டு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் "இன்னும் கொஞ்சம் மேல தூக்கலாமே" என்பார்கள். டாக்டரம்மா பதில் சொல்வதற்கு முன்னால் ஐஸ்காரம்மா கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவார். "போன தடவை எடுத்தத பாக்காதீங்கம்மா. மொத மொத இந்த வாசல மிதிச்சப்ப எடுத்தோம் பாருங்க, அதப் பாருங்க. போன தடவையவே பாத்துட்டிருந்தா எப்பவும் கொஞ்சூண்டு பத்தாத மாதிரிதான் தெரியும். கொஞ்சூண்டு கொஞ்சூண்டா போட்டு, கடைசில அந்தச் சேர்ல வேற யாரோ ஒக்காந்திருப்பாங்க." சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். "இவ எனக்கு வியாபாரம் படிய விடமாட்டா" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்வாரே தவிர, அந்தச் சட்டத்தை மாற்றச் சொன்னதில்லை.

இவ்வளவு சொல்கிறவரின் முகம் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வழவழவென்று இருந்தது. கன்னம் இரண்டும் கண்ணுக்குக் கீழே முட்டிக்கொண்டு நின்றன, சிரித்தால் கண் மறைந்தது. உதட்டோரத்தில் ஒரு கோடு கிடையாது. "ஐஸ்காரம்மாவுக்கு நாப்பத்தாறுன்னு சொன்னாலும் நம்ப முடியல, முப்பதுன்னு சொன்னாலும் நம்ப முடியல" என்று வரவேற்புப் பெண்கள் பின்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வேலை பார்க்கும் இடத்தில் கைக்கு எட்டுகிறது, ஆசைக்குப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். கல்யாணம் ஆகாதவர், அலங்காரத்தில் கொஞ்சம் பிரியம் இருக்கட்டுமே என்று பெருந்தன்மையாக வேறு நினைத்துக்கொண்டேன். இப்போது அதை எண்ணினால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரோடு ஒரு பெண் இருக்கிறாள், பதினான்கு வயது. சித்தி என்று கூப்பிடுவாள். அக்கா மகள் என்றும், அந்த அக்கா இறந்துவிட்டார் என்றும் எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடலில். அதற்கு மேல் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு மணி அடித்தது. திறந்தால் ஐஸ்காரம்மா. வேலைக்குப் போகும் வெள்ளை உடுப்பு, காலில் வீட்டுச் செருப்பு. உள்ளே வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். கையில் ஒரு புகைப்படம். மூலைகள் மழுங்கி, குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு விழுந்திருந்தது. அதில் ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டே யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். ஒல்லி முகம், கண்ணுக்குக் கீழே லேசான நிழல்.

"யாருன்னு தெரியுதாக்கா?" என்றார்.

பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. "எங்கக்கா. நாங்க ரெட்டை. அவ ஏழு நிமிஷம் பெரியவ. அந்த ஏழு நிமிஷத்துக்காக ஆயுசு முழுக்க அக்கான்னு கூப்பிட வச்சா. பெத்த அம்மாவே எங்கள மாத்தி மாத்தித்தான் அடிப்பாங்க."

நான் மறுபடியும் புகைப்படத்தைப் பார்த்தேன். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒன்றும் ஒட்டவில்லை.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. என் மேஜையில் டீ ஆறி ஆடை படிந்தது. அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். மூத்தவர் முப்பத்தெட்டாம் வயதில், பகல் பதினொரு மணிக்கு, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அடுக்களையில் விழுந்தார். மாலைக்குள் முடிந்துவிட்டது. பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. சித்தி வீட்டுக்கு வந்த பிள்ளை அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. சித்தியின் மடியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு முகத்தையே பார்க்கும். தலை சீவும்போது கண்ணாடியில் பார்க்கும். தூங்கும்போது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தூங்கும்.

"அவ என்னப் பாக்கலன்னு எனக்குத் தெரியும்க்கா. யாரப் பாக்குறான்னும் தெரியும். பாத்துக்கட்டும்னு ஒக்காந்திருப்பேன். பால் பொங்கி வழிஞ்சாலும் எந்திரிக்க மாட்டேன்."

ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் அவசரத்தில், பிள்ளை அவர் கண்ணுக்குக் கீழே விரலை வைத்து, "அம்மாக்கு இங்க குழி இல்ல" என்றது. குறை சொல்லவில்லை, ஏழு வயதுப் பிள்ளை பார்த்ததைச் சொன்னது. துக்கத்திலும் தூக்கமின்மையிலும் அவர் முகம் வாடியிருந்தது, அவ்வளவுதான். அன்று முழுக்க மருத்துவமனையில் அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திரிந்திருக்கிறார். இன்னும் பத்து வருடத்தில் இந்த முகம் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? அக்கா முப்பத்தெட்டோடு நின்றுவிட்டாள். தான் மட்டும் போய்க்கொண்டே இருந்தால் பிள்ளை எதைப் பார்க்கும்?

மருத்துவமனையில் பயிற்சி நாள் என்று ஒன்று உண்டு. வேறு ஊர்களிலிருந்து இளம் டாக்டர்கள் வந்து டாக்டரம்மாவிடம் ஊசி போடக் கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொள்ள முகம் வேண்டுமே, ஊழியர்களில் யாராவது படுப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் நழுவுவார்கள். ஐஸ்காரம்மா தானே முன்வந்து படுத்தார். கண்ணுக்குக் கீழே துளி. ஆறு மாதம் கழித்துக் கன்னத்தில் துளி. பிறகு மூக்கோரம், பிறகு தாடை. ஏழு வருடத்தில் பதினான்கு பயிற்சி நாள், பதினான்கு வேறு வேறு கைகள். ஒவ்வொரு தடவையும் எழுந்து கண்ணாடியைப் பார்ப்பார். அக்கா இருப்பாள். நிம்மதியாக வீட்டுக்கு வருவார்.

"வீட்ல அவங்க போட்டோ இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுக்கா. நான்தான் எடுத்துப் பீரோவுக்குள்ள வச்சேன். கண்ணாடியிலயே அவ இருக்கும்போது போட்டோ எதுக்குன்னு..."

மற்றவர்களுக்கெல்லாம் முதல் புகைப்படத்தைத் திருப்பிக் காட்டியவர் தன்னுடையதைப் பார்த்ததே இல்லை. பயிற்சி நாளில் எடுக்கும் படங்கள் தேதி வாரியாக எங்கேயோ போய்விடும், ஆள் பெயரில் இருக்காது. அவர் பார்த்ததெல்லாம் நேற்றைய கண்ணாடியைத்தான். பதினான்கு கைகள் ஆளுக்குக் கொஞ்சமாக அந்த முகத்தைத் தள்ளிக்கொண்டு போனதை அவர் கவனிக்கவே இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வேறு யாராக இருந்தாலும் இயல்பாக மூப்படைந்து, கொஞ்சமாவது அக்கா மாதிரி இருந்திருப்பார்.

முந்தின நாள் சாயங்காலம் பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் முனை வளைந்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்திருக்கிறார். அடியில் இந்தப் புகைப்படம், நான்காக மடித்து. பீரோவிலிருந்து எப்போது எடுத்தாளோ. எதுக்குடி இது என்று கேட்டதற்கு, "அம்மா முகம் மறந்து போகுது சித்தி" என்றிருக்கிறாள்.

"நான் இருக்கேன்ல?"

பெண் ஜாமெட்ரி பாக்ஸை மூடினாள். பிறகு சொன்னாள்: "உங்களப் பாத்தாதான் சித்தி மறக்குது."

இதைச் சொல்லிவிட்டு ஐஸ்காரம்மா என் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பத்தொன்பது வருடங்களாக அடுத்தவர் அழுதுவிடாமல் கதவு எண்ண வைத்தவர். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

போட்ட ஃபில்லரைக் கரைக்கவும் ஊசி இருக்கிறது. அடுத்த வாரம் கூட வரச்சொல்லி என்னை அழைத்துக்கொண்டு போனார். டாக்டரம்மாவிடம் புகைப்படத்தை நீட்டினார். "பழைய போட்டோவா? எப்ப எடுத்தது இது? நல்லா இருக்கியே" என்றார் டாக்டரம்மா. "நான் இல்ல மேடம். எங்கக்கா. இவள மாதிரி வரணும்." பத்தொன்பது வருடம் பக்கத்தில் நின்றவளுக்கு இப்படி ஒருத்தி இருந்தாள் என்பது டாக்டரம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இவங்களுக்கு எத்தன வயசு இதுல?"

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு."

"உனக்கு நாப்பத்தாறும்மா. நான் கரைச்சுடலாம். ஆனா ஏழு வருஷமும் ஒரே வாரத்துல இறங்கும். உள்ள இழுத்து வச்சிருந்த தோல் தொங்கும். உன் வயசுக்கு மேலயே தெரியும். இவங்க வருவாங்கன்னு மட்டும் நெனச்சுக்காத."

"இறங்கட்டும் மேடம்" என்றார் ஐஸ்காரம்மா.

ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கையில் ஒரு துளி போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். தடிக்கவில்லை. கரைக்கும் ஊசி மற்றதைவிட அதிகமாக எரியுமாம். பனிக்கட்டியை நான்தான் பிடித்தேன். அவர் கை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் முகம் வீங்கியிருந்தது. பிறகு வற்றத் தொடங்கியது. பத்தாம் நாள் நான் பார்த்தபோது ஒரு கணம் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். கன்னம் சரிந்து தாடையோரம் இரண்டு சிறு மடிப்பாகத் தொங்கியது. கண்ணுக்குக் கீழே விரல் நுனி புதையும் குழி. வாயைச் சுற்றிக் கோடுகள். ஐம்பது தாண்டியவர் என்று யாரும் சொல்வார்கள். அவர் ஒருநாள் முழுக்கக் கண்ணாடி முன் புகைப்படத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இதுவும் அவ இல்லக்கா" என்றார் என்னிடம், படிக்கட்டில். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தரம் போனா. அப்ப அழக்கூட நேரமில்ல, பிள்ளைய பாக்கணும். இப்ப நானே ரெண்டாவது தரம் அனுப்பிட்டேன்."

அவர் வீட்டு வாசல் வரை கூடவே நடந்தேன்.

வேலைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். வரவேற்புப் பெண்கள் இப்போது சிரிப்பதில்லை, அதுவே அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டிலும் அந்தப் பெண் முன்னால் வெறும் முகத்தோடு நிற்பதில்லை. விடிந்ததும் தோல் நிறத்தில் ஒரு களிம்பைக் குழைத்துக் குழிகளை நிரப்பி, மேலே பவுடர் போட்டு அமுக்கிவிட்டுத்தான் அறையை விட்டு வருகிறார். பெண்ணும் அவர் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறாள், புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். தன்னால்தான் சித்திக்கு இப்படி ஆயிற்று என்று அவளுக்கு. பிள்ளைக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை என்று இவருக்கு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வளைய வந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா எட்டிப் பார்ப்போம் என்று இறங்கிப் போனேன். ஐஸ்காரம்மா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் வழக்கமான பூச்சு. பெண் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புகைப்படம் நோட்டின் மேல் விரித்துக் கிடந்தது, இப்போது ஒளிப்பதில்லை போல. நான் சோபாவில் உட்கார்ந்து, லிஃப்ட் மறுபடி நின்றுபோன கதையை ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

"சித்தி" என்றாள் பெண், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். "அம்மா இப்ப இருந்திருந்தா எப்படி இருப்பாங்க?"

ஐஸ்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். சட்டையின் கையை இரண்டு தடவை நீவிவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன்.

அவர் வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தார். சோப்பை எடுத்து முகத்தில் அழுத்தித் தேய்த்தார். களிம்பு பழுப்பாக வழிந்தது. கழுவி, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். துண்டு பக்கத்திலேயே தொங்கியது, அதை எடுக்கவில்லை. ஈரம் கழுத்தில் இறங்க, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பெண்ணுக்கு எதிரே போட்டார். உட்கார்ந்தார். நெற்றியில் ஒட்டிய முடியை இரண்டு கையாலும் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவளுக்கு நேராக நிமிர்த்தினார்.